பூங்குழலியின் படகு எந்தக் காற்றில் போகும்?

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்துபோனதை ஒப்புக்கொள்ளாமல் மேற்கொண்டு எழுதிப் பார்த்தவர்கள் தமிழில் ஏராளம். வந்தியத்தேவனுக்கு இன்னொரு பயணம், நந்தினிக்கு இன்னொரு முடிவு, வானதிக்கு ஒரு சொந்தக் கதை என்று வகை வகையாக வருகின்றன. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. நான் எடுத்துக்கொண்டது பூங்குழலியை. சேந்தன் அமுதன் உத்தம சோழனாகி முடிசூடிக்கொண்ட பிறகு, கோடிக்கரை ஓடக்காரப் பெண் தஞ்சை அரண்மனைக்குள் எப்படி மூச்சு விட்டிருப்பாள்? ஓர் இரவு யாரிடமும் சொல்லாமல் கிளம்பிக் கோடிக்கரைக்குப் போய்ப் படகை எடுக்கிறாள். முதலில் என் கையில் இருந்த கதை அவ்வளவுதான்.

ஆனால் நான் கொங்கு நாட்டுக்காரி. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை தெரியும், காலில் கல் இடறும், தண்ணீர் கிணற்றின் ஆழத்தில் கிடக்கும். சோழ நாடு எனக்குக் கோயில் சுற்றுலாவில் பார்த்த ஊர்தான். ஆகவே எழுத உட்காரும் முன் அந்த மண்ணைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதில் எது கதைக்கு உதவியது, எது வெறும் சுமையாக நின்றது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நிஜ ஊரில் கதை வைக்கும்போது பெரும்பாலோர் செய்வது, அந்த ஊரின் பெருமைகளை வரிசையாக அடுக்குவது. கோபுரம், தேர், நெல் வயல், தாமரைக் குளம், ஆற்றங்கரை மண்டபம். வாசகருக்கு ஊர் படம் மாதிரி தெரியும், ஆனால் கதாபாத்திரம் அந்த ஊரில் நடக்காது, படத்தின் முன்னால் நின்றுகொண்டிருக்கும். நான் வேறு ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்: இந்த ஊர் என் ஆளை எதைச் செய்ய விடாது? மண், தண்ணீர், காற்று, தூரம் இந்த நாலும் எங்கெங்கே குறுக்கே நிற்கும்? அதைக் கண்டுபிடித்துவிட்டால் வர்ணனையே பாதி தேவையில்லை.

முதலில் எழுதியது ‘இல்லாதவை’ பட்டியல். அதில் முதல் இடம் கல்லுக்கு. காவிரிப் படுகை முழுக்க ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். பாறை கிடையாது, குகை கிடையாது, ஒளிந்துகொள்ள மலையிடுக்கு கிடையாது. கோயில் கட்டக் கல்லை வெளியிலிருந்துதான் கொண்டுவந்தார்கள். கதை நடக்கும் காலத்தில் பல கோயில்கள் இன்னும் செங்கல் தளியாகவே இருந்தன. அவற்றைக் கற்றளியாக மாற்றிக்கொண்டிருந்தவர் வேறு யாருமில்லை, பூங்குழலியின் மாமியார் ஸ்தானத்தில் வரும் செம்பியன் மாதேவியேதான். ஆக, ஒரு கருங்கல் தூண் வண்டியில் போகிறது என்று எழுதினால் அது அலங்காரம் இல்லை. அன்றைய அரசியல், பக்தி, செலவு மூன்றும் அந்த வண்டியில் ஏறிக்கொள்கின்றன. இன்னொரு சின்ன இடம்: காவலன் நாயை விரட்டக் குனிந்து கல்லை எடுக்கிறான் என்று எங்கள் ஊர்க் கதையில் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். இங்கே அவன் கைக்கு வருவது உடைந்த செங்கல், காய்ந்த மண்ணாங்கட்டி, இல்லையென்றால் தென்னை மட்டை. நான் மட்டையைக் கொடுத்தேன். அது நாயின் மேல் படாமல் குளத்தில் விழுந்த சத்தத்தில்தான் ராணி தப்புகிறாள்.

காலத்தால் இல்லாதவையும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல்தான் முடிந்தது. சுந்தர சோழர், உத்தம சோழர் காலத்துத் தஞ்சாவூரில் அந்த விமானம் கிடையாது. ஆனாலும் ரசிகர் கதைகளில் வந்தியத்தேவன் அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள மண்டபங்கள் நாயக்கர் காலத்தவை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, மரவள்ளி, புகையிலை எல்லாம் கொலம்பஸுக்குப் பிறகு வந்தவை. சமையலில் காரம் வேண்டுமென்றால் மிளகும் திப்பிலியும்தான். பழுவேட்டரையர் அரண்மனையில் முந்திரிப் பருப்புப் போட்ட பாயசம் வைத்த கதையை நான் படித்திருக்கிறேன். நல்ல வேளை, டிகிரி காபி கொடுக்கவில்லை.

சாப்பாட்டை எல்லோரும் ஒருவழியாகச் சரிபார்த்துவிடுகிறார்கள். மரங்களில்தான் சறுக்குகிறார்கள். இன்று கடற்கரை என்றால் நம் கண்ணில் சவுக்குத் தோப்புதான் வரும். அது வெள்ளைக்காரர் காலத்தில் நம் கரையோரம் நட்டது. கோடிக்கரைப் பக்கம் இன்று கண்ட இடமெல்லாம் முளைத்திருக்கும் சீமைக் கருவேலமும் அப்படியே, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இரண்டையும் மனசில் வெட்டி எறிந்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் நிற்பவை புன்னை, தாழை, பனை, பூவரசு, உள்ளே காட்டில் பாலை மரம். நிழல், வாசனை, சத்தம் எல்லாமே மாறிவிடுகின்றன. சவுக்குத் தோப்பில் காற்று ‘உஸ்’ என்று ஒரே சீராக இரையும். பனங்காட்டில் ஓலைகள் ஒன்றோடொன்று மோதிச் சடசடக்கும். இருட்டில் யாரோ நடந்து வருவது போலவே இருக்கும். ஒளிந்திருக்கும் ஒருத்திக்கு இந்த வித்தியாசம் உயிர் போகிற விஷயம்.

இனி தண்ணீர். சோழ நாட்டை எழுதுகிற வெளியூர்க்காரர்கள் இடறும் முதல் இடம் இதுதான். ஆடியில் காவிரி நுங்கும் நுரையுமாக வருகிறது. உடனே வானத்திலும் மழையைக் கொட்ட வைத்துவிடுகிறார்கள். ஆடி வெள்ளம் குடகில் பெய்த தென்மேற்குப் பருவமழையின் தண்ணீர். டெல்டாவில் அப்போது வெயிலும் புழுதிக் காற்றும்தான். அம்மியைப் பறக்கவிடும் அந்தக் காற்று மேற்கிலிருந்து வருவது. தலைக்கு மேல் ஒரு மேகம் இல்லாமல் ஆறு கரைபுரண்டு வரும் அதிசயம்தான் பதினெட்டாம் பெருக்கு. மழை வருவது ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்கிலிருந்து. இன்னொன்று, மேட்டூர் அணை 1934-இல் வந்தது. ஜூன் 12-இல் அணை திறப்பது, முறைவைத்துத் தண்ணீர் விடுவது எல்லாம் அதற்குப் பிந்திய வாழ்க்கை. அதற்கு முன் புதுத்தண்ணீர் வரும் நாளை ஆறுதான் தீர்மானித்தது. இன்றைய விவசாயி வானொலியைக் கேட்டுக் காத்திருப்பான் என்றால் அன்றைய ஆள் மணலில் காதை வைத்துக் காத்திருப்பான்.

என் கதை ஐப்பசியில். ராணி தஞ்சாவூரிலிருந்து கோடிக்கரைக்குப் போக வேண்டும். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாக இன்றைய சாலையில் 100 கிலோமீட்டருக்கு மேல். குதிரையில் ஏற்றி ‘இரவோடு இரவாக’ அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். குதிரை ஒரு நாளைக்கு 40, 50 கிலோமீட்டர் போனாலே பெரிது. அதுவும் காய்ந்த தரையில். ஐப்பசியில் அந்த வட்டாரம் முழுக்க நடவு முடிந்த சேறு. வரப்பு ஒரு முழ அகலம். குறுக்கே எத்தனை ஆறு, எத்தனை வாய்க்கால்! அரபுக் குதிரை அங்கே முழங்கால் வரை இறங்கி நிற்கும். போதாக்குறைக்குத் தட்டை நிலம்; குதிரை மேல் ஒரு தலை போனால் அடுத்த ஊரிலிருந்தே தெரியும்.

படத்தை விரித்துவைத்துக்கொண்டு ஆறுகளை விரலால் தொடர்ந்தபோது விடை அங்கேயே இருந்தது. தஞ்சாவூருக்கு வடக்கே வெண்ணாறு ஓடுகிறது. அது நீடாமங்கலத்தில் மூன்றாகப் பிரிகிறது. மூணாறு தலைப்பு என்றே அந்த இடத்துக்குப் பெயர். பிரிவதில் கோரையாறு தெற்கே இறங்கி முத்துப்பேட்டைக் காயலில் கலக்கிறது. காயலிலிருந்து கிழக்கே கோடிக்கரை வரைக்கும் ஒரே உப்புச் சதுப்பு. ஓடக்காரியை ஏன் குதிரையில் ஏற்ற வேண்டும்? மழைக்காலத்து ஆறு அவளைத் தானே கடல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடாதா? தலைப்பில் இப்போது நிற்கும் மதகுகள் பிற்காலத்துக் கட்டுமானம். கதையில் அவற்றைக் காட்டவில்லை. எனக்கு வேண்டியது நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மட்டும்தான். அரண்மனை ஆட்கள் ராஜபாட்டையில் குதிரைகளை விரட்டிக்கொண்டு போய்ச் சேற்றில் மாட்டிக்கொள்ள, ராணி வைக்கோல் படகில் படுத்தபடி போகிறாள். இந்த அத்தியாயத்தை நான் யோசித்து எழுதவில்லை, நீடாமங்கலம் எழுதிக்கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கோடிக்கரைக்கு நேரில் போனபோது முதலில் சதுப்பைத்தான் பார்க்கப் போனேன். நாவலில் வந்தியத்தேவன் பூங்குழலியைத் துரத்திக்கொண்டு போய்ச் சேற்றில் புதைந்து, அவளாலேயே கரையேறுவான், நினைவிருக்கும். நான் போனது கோடையில். தூரத்திலிருந்து பார்த்தால் சுண்ணாம்பு பூசிய களம் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. மேலே உப்பு பூத்த ஓடு. காலை வைத்தால் முதல் சில அடிகள் அப்பளம் நொறுங்குகிற சத்தம். அப்புறம் சத்தம் நின்றுவிடுகிறது. ஓடு நொறுங்காமல் வளைகிறது. கூட வந்த உள்ளூர்ப் பையன் அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டான். குச்சியை ஊன்றிக் காட்டினான், வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. வெளியே இழுத்தபோது கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு சேறு. “சத்தம் நின்னா நாமளும் நிக்கணும்க்கா” என்றான். இரவில், கண் தெரியாத இடத்தில், உள்ளூர்க்காரரும் வெளியூர்க்காரரும் வேறுபடுவது அந்த இடத்தில்தான். துரத்தி வந்தவன் நிற்கவில்லை; பூங்குழலி நின்றாள். என் கதையில் அதற்கு மேல் விளக்கமே வைக்கவில்லை.

கோடிக்கரையில் நிலம் மூலை திரும்புகிறது. வடக்கே இருந்து வரும் கடற்கரை இங்கே மேற்கே மடங்குவதால் கிழக்கிலும் கடல், தெற்கிலும் கடல். ‘கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலில் மறைவதா’ என்று அடித்துத் திருத்துகிறவர்கள் ஒருமுறை வந்து பார்க்கலாம், இங்கே சூரியன் உதிப்பதும் மறைவதும் கடல் பக்கம்தான். ஏற்றவற்றமோ பெரிதில்லை, ஒரு மீட்டரைக்கூட எட்டாது. ஆங்கில நாவல்களில் வருகிற மாதிரி கடல் உள்வாங்கி மைல் கணக்கில் மணல் தெரிவது, அந்த நேரத்தில் நடந்து தப்பிப்பது போன்ற வேலையெல்லாம் இங்கே செல்லாது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா, மணல்மேட்டில் ஊற்று தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும். சதுப்புப் பக்கம் தோண்டினால் உப்பு. காட்டில் வெளிமான் உண்டு. பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். அவற்றை வைகாசிக் காட்சியில் கூட்டமாகப் பறக்கவிடக் கூடாது. சுந்தரர் இங்கே வந்து கோயில் கொண்டுள்ள சிவனான குழகரைப் பார்த்து, ஆந்தையும் கூகையும் அலறுகிற காட்டில், கடற்காற்று அடிக்கிற கரையில் இப்படித் தனியாக உட்கார்ந்திருக்கிறீரே என்று கேட்டுப் பாடியிருக்கிறார். தேவாரத்தை நான் ஊர்க்குறிப்பாகவும் படிப்பேன். பூங்குழலி காலத்துக்கு முன்பே அந்த இடம் ஆள் அரவமற்றதுதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கல்கி அங்கே ஆந்தைக் குரலைச் சங்கேதமாக வைத்ததும் சும்மா இல்லை.

எனக்கு மிகப் பெரிய உதவி ஒரு மீனவப் பெரியவரிடமிருந்து. கோடிக்கரைக்கு மழைக்காலம் தொடங்கி மாசி, பங்குனி வரை மற்ற ஊர்களிலிருந்து மீனவர்கள் வந்து கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். அப்படி வந்து வந்து பழகியவர். கதை எழுதுகிறேன் என்று சொன்னதும் வெட்கப்பட்டார், ஆனால் விஷயத்துக்கு வந்தவுடன் வெட்கம் போய்விட்டது.

“ஐயா, ஒரு பொண்ணு தனியா, ராத்திரி, இந்தக் கரையிலேருந்து இலங்கைப் பக்கத்துத் தீவுக்கு ஓடம் வலிச்சுப் போறா. ஐப்பசி மாசம்” என்றேன்.

“ஐப்பசியிலயா?” என்று என்னைப் பார்த்தார். “ஏம்மா, அந்தப் பொண்ணுக்கு வீட்டுல சண்டையா?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வடக்கிலிருந்து வாடை எடுத்துவிட்டால் கடல் எப்படிக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும், கிழக்குக் காற்றான கொண்டல் மழையைக் கொண்டுவரும்போது எப்படித் திசை தெரியாமல் போகும் என்று கையால் காட்டிக்கொண்டே போனார். “தைக்கு மேல போவச் சொல்லு. அப்பத்தான் தண்ணி அடங்கும். ஐப்பசியில போறவ திரும்பி வரணும்னு போவலம்மா” என்றார்.

மாதத்தை மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை. அவர் கேட்ட கேள்வியே கதையாகிவிட்டது. நான் அதுவரை பூங்குழலியை ஏதோ கடல் ஏக்கத்தில் கிளம்புகிறவளாக வைத்திருந்தேன். காற்று தெரிந்தவள் அவள். இந்த மாதத்தில் படகை எடுப்பதென்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். கரையில் நிற்கும் கிழவனுக்கும் தெரியும். அவன் கேட்கிறான், “தாயி, அரண்மனையில சண்டையா?” பட்டத்து ராணியை அந்தக் கேள்வி நிறுத்துகிறது. தள்ளிய படகை அவளே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எல்லாம் ஒரு காற்றின் பெயரால்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வழக்கம் ஒன்று. உள்ளூர்க்காரரிடம் “நான் எழுதியது சரியா?” என்று கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக்குச் “சரிதாம்மா” என்பார்கள். கதாபாத்திரம் செய்யப்போவதை மட்டும் சொல்லிவிட்டு, “இப்படி ஒருத்தர் செஞ்சா பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?” என்று கேட்கிறேன். அப்போது வருகிற பதிலில் காற்று, தண்ணீர், ஊர் வாய் எல்லாம் ஒன்றாக வந்துவிடும்.

ரசிகர் புனைவுக்கு மட்டும் இன்னொரு தலைவலி உண்டு. சாதாரணச் சரித்திரக் கதைக்கு எஜமான் ஒருவர், சரித்திரம். நமக்கு மூன்று பேர்: கல்கி, கல்வெட்டு, மண். மூவரும் ஒத்துப்போவதில்லை. நாகையில் இருந்த புத்த மடமான சூடாமணி விஹாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனைமங்கலச் செப்பேட்டின்படி ஸ்ரீவிஜய அரச குடும்பம் எடுத்த அந்த விஹாரத்துக்கு ராஜராஜன் நிலம் கொடுத்தது அவனுடைய 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில். கல்கியோ அதற்குப் பல வருஷம் முன்பே பின்னாளில் ராஜராஜனாகப் போகும் இளவரசர் அருள்மொழியை அங்கே காய்ச்சலோடு படுக்க வைத்துவிட்டார். நான் யார் பக்கம்? சந்தேகமே இல்லை, கல்கி பக்கம். விஹாரம் இல்லையென்று நான் எழுதினால் அது அவர் உலகமே இல்லை. அப்புறம் பூங்குழலி என்ற பெயர் எனக்கு எதற்கு?

கோடிக்கரையிலிருந்து நாகைக்குப் படகு போகும் கால்வாய் இன்னும் சுவாரசியம். நாவலில் இளவரசரைப் பூங்குழலியும் அமுதனும் அதில்தான் கொண்டுபோகிறார்கள். இன்று கரையோரம் நாகை வரை நீளும் வேதாரண்யம் கால்வாய் 19-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. அதைக் காரணம் காட்டிக் கல்கியின் கால்வாயைத் தூர்க்க எனக்கு மனசில்லை, தூர்க்கவும் இல்லை. ஆனால் அதன் தண்ணீர் உப்புக் கரிக்கும், கரையில் ஓடைச் சேறு இருக்கும், தாமரை பூக்காது. கல்கி சொன்னது கல்கிக்கு. அவர் சொல்லாமல் விட்டது மண்ணுக்கு. கல்வெட்டை நான் கூப்பிடுவது இருவரும் பேசாத இடத்தில்: ஊர்ப் பெயர், பதவிப் பெயர், வரி, அளவை. எந்த ஆளுக்கு எந்தப் பட்டம் பொருந்தும் என்பதற்குக் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டுவதை விட நல்ல வழி இல்லை. சாதாரண வேளாளன் பெயர்கூட ‘இன்ன ஊருடையான்’ என்று நீளமாக வரும். ஒரு அத்தியாயத்துக்கு வேண்டிய பெயர்கள் அரைப் பக்கத்தில் கிடைத்துவிடும்.

பேச்சு விஷயத்தில் என் கட்சி சிக்கனம். இன்றைய நாகை மீனவர் பேச்சை அப்படியே ஆயிரம் வருஷம் முன்னே தள்ளினால் அது எந்தக் காலத்துப் பேச்சும் இல்லை. கல்கி தம் பாத்திரங்களுக்குக் கொடுத்தது படிக்க இதமான பொதுத் தமிழ். நானும் அதிலேயே நிற்கிறேன். வட்டாரம் தெரிய வேண்டியது எதைக் கவனிக்கிறார்கள் என்பதில். கரைக்காரர் பேச்சை ஆரம்பிப்பது காற்றில், உழவர் பேச்சை ஆரம்பிப்பது தண்ணீரில், கோயில்காரர் பேச்சை ஆரம்பிப்பது நெய்யின் விலையில். எங்கள் ஊர்க்காரர் என்றால் கிணற்றில் எத்தனை அடி என்று ஆரம்பித்திருப்பார்.

படகு அக்கரையை நெருங்கும் இரண்டு அத்தியாயங்களை யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்திக்கு அனுப்பினேன். தெற்கிலிருந்து வீசும் காற்றை அவர்கள் சோழகம் என்பார்கள். அந்தப் பெயர் வந்ததும் பக்கத்துக்கே உயிர் வந்துவிட்டது, ஏனென்றால் அது திரும்புகிற படகைச் சோழக் கரைக்கே தள்ளிக்கொண்டு போகிற காற்று. அவள் இன்னொன்றையும் அடித்துவைத்தாள்: தீவில் நான் ஓடவிட்டிருந்த சிற்றாறு. “எங்கட பக்கம் ஆறு எங்கையடி கிடக்கு? கிணறு ஒண்டை வை” என்றாள். சுண்ணாம்புக்கல் நிலம், பெய்கிற மழை கீழே இறங்கிவிடும். கிணற்றடி வந்ததும் அங்கே இன்னொரு பெண் வந்தாள், இரண்டு பேரும் பேசினார்கள், சிற்றாற்றங்கரையில் நடக்க வாய்ப்பே இல்லாத ஒரு பேச்சு நடந்தது.

அடுத்த கதை வீரநாராயண ஏரிக்கரையில், அதாவது இன்றைய வீராணம் ஏரிக்கரையில். உடையார்குடிக் கல்வெட்டில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலைக்காக நிலம் பறிமுதலான ரவிதாசன் குடும்பத்தின் கதை. பட்டியலில் பெயர் இல்லாத ஒரு மருமகளை வைத்து எழுதுகிறேன். ஏரியின் 74 கணவாய் (மதகு), நுரை, ஆடிப்பெருக்கு எல்லாம் கல்கியே எழுதிவைத்துவிட்டார். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய ஆனி மாதம், தண்ணீர் வற்றிய ஏரி. காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள்: வற்றிய ஏரிக்குள் ஒரு பெண் ராத்திரியில் தனியாக இறங்கி நடந்தால், கரையிலிருந்து பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?